பதினேழு பேர் பார்த்த கேள்வி

இரண்டே காலுக்கு உளுந்தைக் கிரைண்டரில் போட்டுவிட்டுத் தெய்வானை முக்காலியில் உட்கார்ந்தாள். மூன்று மணிக்கு, போனில் அவள் போட்ட கேள்வி போய்விடும். மூன்று படி உளுந்தை ஆட்டி வழித்துக் கல்லைக் கழுவ முக்கால் மணி நேரம் ஆகும், கேள்விக்கும் அதே முக்கால் மணி நேரம்தான் மிச்சம், இரண்டும் ஒன்றாக முடியும்படி யார் பார்த்து வைத்தார்கள் என்று நினைத்தாள். யாரும் பார்த்து வைக்கவில்லை. உடுமலையில் இந்தத் தெருவுக்கு மாவு விற்க ஆரம்பித்த நாளிலிருந்து இரண்டே காலுக்குத்தான் உளுந்து போடுகிறாள். போன வருஷம் இதே தேதியில் இதே கல் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் கேள்வியை அனுப்பினாள், வருஷம் சுற்றிக்கொண்டு அதே இடத்துக்கு வந்து நிற்கிறது, அவ்வளவுதான். போனை அலமாரியில் வெந்தய டின்னுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தாள். மாவுக் கையோடு அதைத் தொட வேண்டாம் என்றுதான் அங்கே வைத்தது, ஆனால் கவிழ்த்து வைத்தது வேறு காரணத்துக்கு. கடிதம் போன வாரம் வந்தது. கடிதம் என்றுதான் அவள் சொல்வாள், போனுக்குள் வந்தாலும் பேர் போட்டு வணக்கம் சொல்லி வந்தால் அது கடிதம்தான். உங்கள் கேள்விக்கு ஓராண்டாக விடை, கருத்து, விருப்பம் எதுவும் வராததால் அது வரும் பதினெட்டாம் தேதி பிற்பகல் மூன்று மணிக்குத் தானாகவே நீக்கப்படும். இதற்கு நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை. இந்தக் கடைசி வரியில்தான் அவள் ஒரு வாரமாக மாட்டிக்கொண்டு கிடந்தாள். முதல் வரி கூடப் பரவாயில்லை, எதுவும் வரவில்லை என்பது அவளுக்கே தெரியும், தினம் பார்க்கிறவளுக்குத் தெரியாதா. நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை. ஆஸ்பத்திரியிலும் இதைத்தான் சொன்னார்கள், நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்மா, வெளியில போய் உக்காருங்க. அவள் பண்ணிவிட்டு வந்திருந்தது அவர்களுக்குத் தெரியாது.

எழுந்து கொஞ்சம் தண்ணீர் தெளித்தாள். உளுந்துக்கு ஒரேயடியாகத் தண்ணீர் ஊற்றக் கூடாது, தெளித்துத் தெளித்துத்தான் விட வேண்டும், இதை அவள் பதில்மரத்தில் முப்பது தடவையாவது சொல்லியிருப்பாள். பதில்மரத்தை அவள் போனில் போட்டுக் கொடுத்தது மகள் கிருத்திகா. வீட்டுக்காரர் இறந்துபோன மூன்றாவது மாதம் கோயமுத்தூருக்குத் திரும்பிப் போகும்போது, "அம்மா, இதுல யாராச்சும் ஏதாச்சும் கேப்பாங்க, தெரிஞ்சவங்க சொல்லுவாங்க. உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லு, தெரியாததைக் கேளு, பொழுது போகும்" என்றாள். எனக்கென்ன கண்ணு தெரியும், ஏழாவது படிச்சவ, என்று அன்றைக்குச் சொன்னாள். பெரியவளானதும் பள்ளிக்கூடம் நின்றுபோனது, எட்டாவதுக்குப் பக்கத்து ஊருக்கு நடக்க வேண்டும், தனியாக அனுப்ப மாட்டோம் என்று அப்பா சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அவள் எழுதியதெல்லாம் கையெழுத்து மட்டும்தான். ஆனால் அதில் கேட்கிறவர்களோ, குளிர்காலத்தில் மாவு ஏன் பொங்கவில்லை, ரேஷன் அரிசிக்கு உளுந்து எவ்வளவு, இட்லி ஏன் கல்லாக இருக்கிறது என்று கேட்டார்கள், அதையெல்லாம் தெரியாது என்று எப்படிச் சொல்வது. மைக் பொத்தானை அழுத்திவிட்டுப் பேசினால் போதும், அதுவே எழுதிக்கொள்ளும். மாவுக்கார அக்கா என்று கிருத்திகாதான் பேர் வைத்தாள். இருநூற்றுப் பதினாலு பதில் சொல்லியாகிவிட்டது. ஒவ்வொரு பதிலும் போன நிமிஷமே கிருத்திகாவின் போனில் மணி அடிக்குமாம், பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர், வகுப்பில் இருந்தாலும் முதல் விருப்பம் அவளுடையதுதான், சின்னச் சிவப்பு இதயம் ஒன்று. அம்மா பதில் சொன்னால் மகளுக்குத் தெரியும். அதனால்தான் கேள்வியை அந்தப் பேரில் கேட்க முடியவில்லை.

வாசகி72 என்று இன்னொரு பேரில் உள்ளே போக அவளுக்கு நாலு நாள் பிடித்தது. எழுபத்திரண்டு அவள் பிறந்த வருஷம். மைக்கில் பேசிக் கேட்கவும் முடியவில்லை, வாயைத் திறந்து சொன்னால் சுவர் கேட்கும், எதிர் வீட்டுச் சம்பூரணம் அக்கா கேட்பாள், எல்லாவற்றுக்கும் மேலே அவளே கேட்பாள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினாள், இரண்டு மத்தியானம். பிரசாதம் சாப்பாட்டில் சேருமா. அதுதான் கேள்வி. கீழே இரண்டு வரி. ஆபரேஷனுக்கு முன்னால் ஒன்றும் சாப்பிடக் கூடாது என்றால் பழனி பஞ்சாமிர்தமும் கூடாதா. தெரிந்தவர்கள் சொல்லவும். எந்தப் பிரிவில் போடுவது என்று அது கேட்டது. சமையல், உடல்நலம், ஆன்மீகம், சட்டம். சட்டம் என்பதைப் பார்த்ததும் போனைக் கீழே வைத்துவிட்டாள். அப்புறம் எடுத்து, பஞ்சாமிர்தம் சாமி சம்பந்தப்பட்டது என்பதால் ஆன்மீகத்தில் போட்டாள். எந்தக் கிழமையில் விளக்கேற்றுவது, எந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பது என்று கேட்கிறவர்களுக்கு நடுவில் அது போய் உட்கார்ந்தது. அங்கே வருகிறவர்களுக்குப் பஞ்சாமிர்தம் தெரியும், ஆபரேஷன் தெரியாது. உடல்நலத்தில் போட்டிருந்தால் ஒரு டாக்டர் பார்த்திருப்பார். பார்த்திருந்தால் சொல்லியிருப்பார். இடம் மாற்றிப் போடலாமா என்று ஆறு மாதம் கழித்துத் தோன்றியது, மாற்றும் பொத்தானும் இருந்தது, அதன்மேல் விரலை வைத்து எடுத்துவிட்டாள். விளக்கு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று கேட்கிறவர்கள் நடுவிலேயே இருக்கட்டும், அங்கே யாரும் திட்ட மாட்டார்கள்.

பதினேழு பேர் பார்த்திருக்கிறார்கள். அதை மட்டும் அது எண்ணிக் காட்டும். பதினேழு பேரில் அவளே எத்தனை பேர் என்று அவளுக்குச் சந்தேகம். மாவுக்கார அக்காவாகப் போய் ஒரு தடவை பார்த்தாள். தீபாவளிக்குக் கிருத்திகா வந்தபோது அவள் குளிக்கப் போன நேரத்தில் அவள் போனில் பார்த்தாள். சம்பூரணம் அக்காவின் மருமகளிடம் அதிரசம் காட்டுகிறேன் என்று போனை வாங்கி அதிலும் பார்த்தாள். அப்படியானால் மூன்று போகப் பதினாலு. பதினாலு பேர் வந்து, பிரசாதம் சாப்பாட்டில் சேருமா என்று படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போயிருக்கிறார்கள். தெரியாமல் போனார்களா, தெரிந்து சொல்ல மனம் வராமல் போனார்களா. ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்படித்தான், எத்தனையோ பேர் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். யார் வந்து நீக்குவார்கள் என்றும் யோசித்திருக்கிறாள். வாரச்சந்தை முடிந்ததும் வருகிற நகராட்சி ஆள் மாதிரி ஒருவர் வந்து, விற்காமல் கிடக்கிறதையெல்லாம் ஒரு ஓரமாகத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போவார் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். வேறு யாருடைய கேள்வியையோ சாக்காக வைத்துக் கிருத்திகாவிடம் கேட்டபோது அவள் சிரித்தாள். "ஆளெல்லாம் இல்லம்மா. அதுவா பாத்துக்கும். ஒரு வருஷம் யாரும் கண்டுக்கலைன்னா எடுத்துரும், படிச்சுக்கூடப் பாக்காது." படித்துக்கூடப் பார்க்காது என்பது அவளுக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. அப்புறம் இருக்கவில்லை. அந்த நகராட்சி ஆள் கூட்டுகிறபோது ஒரு தக்காளியைக் கையில் எடுத்து, நல்லாத்தானே இருக்குது என்று பையில் போட்டுக்கொள்ளலாம். இது அதுகூடச் செய்யாது.

கல் ஒரே சத்தமாக ஓடியது. ஓரத்தில் ஒட்டியிருந்ததைக் கையால் நடுவே தள்ளிவிட்டாள். இன்று நீக்கப்படும் கேள்விகள் என்று காலையிலிருந்து பதில்மரத்தின் முதல் பக்கத்திலேயே ஒரு பட்டியல் போட்டிருந்தது, கடைசி நாளிலாவது யாராவது பார்க்கட்டும் என்று. நாற்பதுக்குப் பக்கம் இருக்கும். அரிசி ஊறுகிற நேரத்தில் அவள் எல்லாவற்றையும் படித்தாள், உதடு அசையப் படித்தாள். எங்கள் வீட்டுக் கிளி திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டது ஏன். தாராபுரத்தில் எங்களோடு டைப்ரைட்டிங் படித்த ஹேமாவதி இப்போது எங்கே. வாடகை வீட்டு வாசலில் செம்பருத்தி வைத்தால் காலி பண்ணும்போது பிடுங்கிக்கொண்டு போகலாமா. கிளிக் கேள்விக்கு அவள் ஒரு விருப்பம் போட்டாள். போட்ட உடனே அது பட்டியலிலிருந்து விலகிப் பிழைத்துக்கொண்டது, இன்னும் ஒரு வருஷத்துக்கு. ஹேமாவதிக்கும் போட்டாள். ஒரு விரல் பட்டால் போதும். பன்னிரண்டாவதாக இருந்த தன்னுடையதுக்கு வந்தபோது விரல் நின்றுவிட்டது. மாவுக்கார அக்கா வாசகி72க்கு ஒரு இதயம் போட்டால் யார் கேட்கப் போகிறார்கள். யாரும் கேட்க மாட்டார்கள். ஆனாலும் போடவில்லை. போட்டால் இன்னொரு வருஷம் தினம் திறந்து பார்க்க வேண்டும். போடாவிட்டால் மூன்று மணிக்கு அது கேட்கப்படாததாகிவிடும். கேட்கப்படாத கேள்விக்குப் பதில் இருக்காது, பதில் இல்லாவிட்டால் அது நடக்கவும் இல்லை என்று ஆகிவிடுமா. ஆகாது. ஆகாது என்று தெரிந்தும் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள், வெயிலில் நடக்கிறவள் கடை நிழலில் நிற்பது மாதிரி.

ஒரு ஸ்பூன்தான் கொடுத்தாள். முதலில் ஒரு ஸ்பூன். அவருக்குக் குடலிறக்கம், கொப்பரைக் களத்தில் முப்பது வருஷம் மூட்டை தூக்கின உடம்பு, பெரிய ஆபரேஷன் இல்லை, மூணு நாள்ல வீட்டுக்குப் போயிரலாம் என்று சொல்லியிருந்தார்கள். வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு நடந்து போகிறவர் அந்த வருஷம் நடக்க முடியாமல் போனதில்தான் அவருக்கு வருத்தம். அவள் முந்தின நாள் பஸ்ஸில் பழனி போய் அர்ச்சனை பண்ணி, விபூதியும் பஞ்சாமிர்த டின்னும் வாங்கிவந்தாள். ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள், அந்தக் காகிதத்தை அவள் இரண்டு தடவை எழுத்துக் கூட்டிப் படித்திருந்தாள். சோறு இல்லை, காப்பி இல்லை, தண்ணீர் இல்லை. காலையில் ஆறரை மணிக்கு நெற்றியில் விபூதி வைத்தாள், டின்னைத் திறந்து ஒரு ஸ்பூன் வாயில் போட்டாள், விபூதி வைக்கிற அதே கை, அதே காரியம். பிரசாதத்தை யாராவது வேண்டாம் என்பார்களா, அதைச் சாப்பாடு என்பார்களா, விரதம் இருக்கிறவர்கள்கூட வாங்கி வாயில் போட்டுக்கொள்கிறார்கள். அவர், "இன்னொரு ஸ்பூன் குடு புள்ள, முருகன் பேரைச் சொல்லி வயித்தை ரொப்பிக்கறேன்" என்றார். பசி மனுஷனுக்கு. அவளும் சிரித்தாள். மொத்தம் மூன்று ஸ்பூனா, ஐந்தா. சில நாள் மூன்று என்று இருக்கிறது, சில நாள் டின்னை அவர் கையிலேயே வாங்கிக்கொண்டு சுரண்டிச் சாப்பிட்டதாகவும் வருகிறது, பேரீச்சம்பழத் துண்டை மென்றுகொண்டே செருப்பு மாட்டினது நிச்சயம், அந்தக் கன்னம் உப்பியிருந்தது நிச்சயம். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், கிருத்திகா வயசுதான், காதோரம் ஒரு மச்சம், கையில் அட்டையை வைத்துக்கொண்டு கேட்டாள். காலையில ஏதாச்சும் குடுத்தீங்களாம்மா. ஒண்ணும் குடுக்கலைங்க, என்றாள் தெய்வானை. பொய் சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் அது பொய் இல்லை. நர்ஸ் கட்டிலில் இருந்தவரிடமும் கேட்டாள், அவர் பொண்டாட்டியைப் பார்த்துவிட்டு, இல்லீங்க என்றார். ஒயர் கூடை அவள் மடியில் இருந்தது, கூடைக்குள் டின் இருந்தது, மூடி சரியாக மூடாமல் ஓரத்தில் எறும்பு ஒன்று ஏறிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. கவிழ்ந்தபடியே அலமாரி மேல் நடுங்கியது. கையைத் துடைத்துவிட்டு எடுத்தாள். கிருத்திகா. "என்னம்மா பண்ற?" "உளுந்து ஓடுது கண்ணு. நீ சாப்ட்டயா?" "ஆச்சு. காலையிலருந்து ஒரு பதிலையும் காணோம், என்ற போன் மணியே அடிக்கலை. மாவுக்கார அக்கா லீவா?" "யாரும் கேக்கலை." "கேக்காம என்ன, தோசை பிஞ்சு பிஞ்சு வருதுன்னு ஒருத்தர் காலையில இருந்து அழுதுட்டு இருக்காரு, பாத்தேன். போய்க் காப்பாத்து." "பாக்கறேன்." "குரல் ஏன் ஒரு மாதிரி இருக்குது?" "கல்லு சத்தம்." "சரி, அடுத்த மாசம் அப்பா திதிக்கு ரெண்டு நாள் லீவு சொல்லிருக்கேன். வரும்போது அந்த ஆஸ்பத்திரி வழியா பஸ் வந்தா இப்பவும் எனக்கு வயிறு எரியும்மா." "பழசை ஏன் கண்ணு பேசற." "நான் பேசாம யாரு பேசறது. நீ அன்னைக்கும் வாயைத் திறக்கலை, இன்னைக்கும் திறக்க மாட்ட." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மணி அடித்தது, வகுப்புக்குப் போகிறேன் என்று வைத்துவிட்டாள்.

வாயைத் திறக்கவில்லை. ஆபரேஷனுக்கு அப்புறம் பதினோரு நாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கிடந்தார். நுரையீரலில் போய்விட்டது, சில பேருக்கு இப்படி ஆகும், நாங்கள் எதிர்பார்க்கவில்லை என்று பெரிய டாக்டர் சொன்னார். எது போய்விட்டது என்று அவள் கேட்கவில்லை. கிருத்திகாதான் கேட்டாள், எல்லாரையும் கேட்டாள், பன்னிரண்டாம் நாள் வராந்தாவில் அந்த மச்சக்காரப் பெண்ணை நிறுத்தி வைத்துக் கேட்டாள். ஆபரேஷனுக்கு முன்னாடி கேக்க வேண்டியதை ஒழுங்காக் கேட்டியா, இல்லை அட்டையில சும்மா டிக் அடிச்சியா. கேட்டேங்க்கா, என்றாள் அந்தப் பெண். அம்மாகிட்டயே கேட்டேன். அவள் தெய்வானையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். அம்மா என்ன சொல்வார்கள் என்று அவ்வளவு பேரும் பார்த்தார்கள். தெய்வானை முந்தானையை வாயில் அடைத்திருந்தாள், அழுகிறாள் என்று யாரோ உட்கார வைத்தார்கள். பச்சைத் தண்ணி குடுக்காம கூட்டியாந்த மனுசனைக் கொன்னுட்டீங்க, என்று கிருத்திகா கத்தினாள். சர்டிபிகேட் வாங்க மறுபடியும் போனபோது அந்தப் பெண்ணைக் காணவில்லை. லீவில் இருந்திருக்கலாம். வேறு மாடிக்கு மாற்றியிருக்கலாம். கல்யாணம் ஆகிப் போயிருக்கலாம். எத்தனையோ இருக்கலாம். டின்னை வீட்டில் கழுவிக் காயவைத்து வெந்தயம் போட்டு வைத்தாள். தூக்கிப் போட்டால் யாராவது எடுத்துப் பார்ப்பார்கள் என்று அப்போது ஒரு பயம், இப்போது நினைத்தால் பழனி டின் இல்லாத வீடு எது. தினம் உளுந்தோடு வெந்தயம் ஊறப்போட அதற்குள்தான் கை விடுகிறாள். நாலு வருஷமாக.

இரண்டு நாற்பது. ஒரு துளி மாவை எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டாள். பாதி முங்கிப் பாதி மிதந்தது. இன்னும் ஐந்து நிமிஷம். மிதந்தால் எடுத்துவிட வேண்டும், அதற்கு மேல் ஓடவிட்டால் கல்லின் சூடு மாவில் ஏறிவிடும், சூடேறின மாவு பொங்காது, அதை எப்படிப் பார்த்தாலும் திருப்ப முடியாது. இதையும் முப்பது தடவை சொல்லியிருப்பாள். இனி இருபது நிமிஷம்தான், அப்புறம் பார்க்க ஒன்றும் இருக்காது என்று நினைத்தாள். நாளை மத்தியானம் உளுந்து ஓடும்போது போனை எடுத்தால் தோசை பிய்கிறவர் மட்டும் இருப்பார். நன்றாகத்தான் இருக்கும். ஒருவேளை பதில் வந்திருந்தால் என்ன வந்திருக்கும். சேராது அம்மா, ஒரு ஸ்பூன் பிரசாதத்தால் ஒன்றும் ஆகாது, மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள். அதைத்தானே கேட்க நினைத்தாள். அப்படி வந்திருந்தால் நம்பியிருப்பாளா. ஐந்து ஸ்பூன் என்று பதில் சொன்னவருக்குத் தெரியாதே என்றல்லவா உடனே தோன்றியிருக்கும். கேள்வியில் ஸ்பூன் எண்ணிக்கையை அவள் எழுதவில்லை. நர்ஸ் கேட்டதை எழுதவில்லை. தான் சொன்னதை எழுதவில்லை. பதினாலு பேருக்கு அவள் என்னத்தைக் காட்டினாள், அவர்கள் சொல்வதற்கு.

போன் ஒரு தடவை டிங் என்றது. மகள் பேசின பிறகு நிமிர்த்தியே வைத்திருந்தாள், அதனால் தெரிந்தது. வாசகி72, உங்கள் கேள்விக்கு ஒரு கருத்து வந்துள்ளது. முதலில் அவளுக்கு அது புரியவில்லை, யாரோ வாசகிக்கு யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று படித்தாள். திறந்தாள். நீக்கப்படும் என்ற மஞ்சள் பட்டை போயிருந்தது. பதினெட்டு பேர் பார்த்திருந்தார்கள். கீழே இளவேனில் என்ற பேரில், எனக்கும் இதே கேள்விதான். இன்றைக்கு நீக்குகிற பட்டியலில் பார்த்தேன். அம்மாவுக்கு இன்று நாலு மணிக்கு ஆபரேஷன். காலையிலிருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. பெரியம்மா கோயிலிலிருந்து சர்க்கரைப் பொங்கல் பிரசாதம் கொண்டுவந்திருக்கிறார்கள். பிரசாதம்தானே, ஒரு வாய் என்கிறார்கள். அம்மாவும் ஆசைப்படுகிறார்கள். யாராவது பதில் சொன்னார்களா. தெய்வானை இதை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் ஒரு நிமிஷம் போனது. யாராவது பதில் சொன்னார்களா. யாரும் சொல்லவில்லை கண்ணு. கேள்வி பிழைத்துக்கொண்டது என்று ஒரு நினைப்பு வந்து போனது, கிளி மாதிரி. அப்புறம் அந்தப் பெரியம்மாவின் கை தெரிந்தது, பொங்கலை உருட்டிக்கொண்டு, நெய் மினுங்க. வாசகியாகவே பதில் எழுதலாம். கேட்டவளே சொன்னால் யார் நம்புவார்கள், தெரிந்தவள் எதற்குக் கேட்டாள் என்பார்கள். எழுத்துத் தேடித் தேடித் தட்டினால் இரண்டு மத்தியானம் ஆகும். மாவுக்கார அக்காவாக உள்ளே போனாள். இருநூற்றுப் பதினாலு பதில், அவள் சொன்னால் கேட்பார்கள். மைக்கை அழுத்தினாள்.

"குடுக்காதீங்க" என்றாள். கல் சத்தத்தில் அது வேறென்னவோ எழுதியது. அழித்துவிட்டு மறுபடி சொன்னாள், மறுபடியும் தப்பாக எழுதியது. கிரைண்டரை நிறுத்தலாம் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து வெயிலில் நின்று சொன்னாள். "குடுக்காதீங்க கண்ணு. பிரசாதமும் சாப்பாடுதான். வயித்துக்குச் சாமி தெரியாது. பொங்கலைக் கண்ணுல ஒத்தி வெச்சுக்கங்க, அப்புறம் குடுக்கலாம். இந்நேரம் குடுத்திருந்தா உடனே போய் நர்ஸ்கிட்டச் சொல்லிருங்க, திட்டுவாங்க, திட்டட்டும், ஆபரேஷனைத் தள்ளி வெப்பாங்க, வெக்கட்டும்." மூச்சு வாங்கியது. மைக் காத்துக்கொண்டிருந்தது, இன்னும் சொல்வதற்கு. "நான் குடுத்தேன். என்ற வீட்டுக்காரருக்குப் பஞ்சாமிர்தம் அஞ்சு ஸ்பூன் குடுத்தேன். நர்ஸ் கேட்டா. ஒண்ணும் குடுக்கலைன்னு சொன்னேன். அவ மேல தப்பில்லை. அதனாலதான் அவர் போனாரான்னு எனக்குத் தெரியாது, அதைக் கேக்கத்தான் இந்தக் கேள்வியே. நீங்க குடுக்காதீங்க." அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் சம்பூரணம் அக்கா மாவு வாங்குகிற தூக்குப்போசியோடு நிற்பதைப் பார்த்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

சம்பூரணம் அக்கா வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவளையே பார்த்தாள். பார்த்துவிட்டு, "கல்லு ஓடிட்டே இருக்குது, தெய்வான" என்றாள். தெய்வானை உள்ளே ஓடிப் போய் நிறுத்தினாள். மூன்று அடிக்க நாலு நிமிஷம். கை விட்டதுமே தெரிந்துவிட்டது, இளஞ்சூடாக, காய்ச்சல்காரர் நெற்றி மாதிரி. போன் டிங் என்றது. இளவேனில், நன்றி அக்கா, கொடுக்கவில்லை, பெரியம்மா கோபித்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள். சம்பூரணம் அக்கா பின்னாலேயே வந்து போசியை மேடையில் வைத்தாள். "பழைய மாவு இருந்தா ஊத்து, இல்லைன்னா இதுல குடு, நாளைக்குப் பொங்கிரும்." "இது ஆகாதுங்க்கா. சூடேறிப் போச்சு." "எங்க காட்டு, நல்லாத்தான இருக்குது, பஞ்சாட்டம்." "பாக்க நல்லாத்தான் இருக்கும். பொங்காது. நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்." "சரி உடு. தோசைக்கு ஆகும்ல, ரெண்டு கரண்டி ஊத்து. நீ ஒருத்திதான் ஊருல மாவைக் கெடுத்தியாக்கும்." தெய்வானை கரண்டியை எடுத்தாள். இரண்டு கரண்டி போசியில் ஊற்றினாள். சிவப்பு இதயம் வருகிறதா என்று திரையைப் பார்த்தாள். வரவில்லை. இருநூற்றுப் பதினைந்தாவது பதிலுக்கு முதல் விருப்பம் வரவில்லை, வகுப்பில் இருப்பாள், கையில் எடுத்திருக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

"எடு, உம்மவதான்" என்றாள் சம்பூரணம் அக்கா, போசியை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தாள். போனை அடிக்கவிட்டுத் தெய்வானை கையைக் கழுவினாள், விரல் இடுக்கெல்லாம் கழுவினாள், புடவையில் துடைத்தாள். எடுத்தாள். அந்தப் பக்கம் வகுப்புச் சத்தம் எதுவும் இல்லை, வராந்தாவுக்கு வந்து நிற்கிறாள் போல. அம்மா என்றுகூடச் சொல்லவில்லை.

"அன்னைக்குக் காலையில அப்பாவுக்கு ஏதாச்சும் குடுத்தியா?"

"குடுத்தேன் கண்ணு" என்றாள் தெய்வானை.